நூற்றாண்டின் விளைச்சல்

கதவு திறப்பதற்கு முன்பே நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

அவர் நாற்பத்தோராவது ஆள்.

எல்லார் கையிலும் கடை அச்சடித்த பட்டியல். பேனாவால் வட்டம் போட்டு, மடித்து, பரீட்சைக்குப் போகிறவர்கள்போல் கடைசி நேரத்திலும் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பாரிசை ஒட்டிய சார்செலில் இருக்கும் அந்தப் பெரிய கடையில் ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒயின் சந்தை நடக்கும். இந்த வருடம் கூட்டம் கூடுதல். பத்திரிகைகள் மூன்று மாதமாக ஊதிக்கொண்டிருந்தன. இப்படியொரு திராட்சை விளைச்சல் நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் வருமாம்.

அவருக்குத் தெரிந்து, முப்பத்தைந்து வருடத்தில் அது ஏழு முறை வந்துவிட்டது.

ஏழு முறையும் வாங்கினார்.

இன்று அவர் கையில் பட்டியல் இல்லை.

"அண்ணே!"

சூசைநாதன். இவரைப்போலவே பாண்டிச்சேரியிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவன். வரிசையை விட்டு ஓடி வந்தான்.

"நல்ல வேளை, வந்தீங்க. நீங்க கை காட்டறதத்தான் வருஷா வருஷம் எடுக்கறேன். எதுண்ணே எடுக்கலாம்?"

"இன்னிக்கே குடிக்கிற மாதிரி எதாவது இருக்கா, பாரு."

சூசைநாதன் சிரித்தான். "உங்க வாயிலயா இது வருது? பாட்டில தொறக்க நாள் நட்சத்திரம் பாக்கணும்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவராச்சே!"

ஆமாம், எடுத்தார். சார்செலில் இருக்கிற தமிழர்களுக்கெல்லாம் எடுத்தார்.

வீட்டில் மனைவி மதலேனுக்கும்.

கல்யாணமான வருடத்து பாட்டில் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதுவும் நூற்றாண்டின் விளைச்சல்தான். இருபது வருடம் தொடக் கூடாது என்றார்கள். இருபது முடிந்ததும், இன்னும் ஐந்து வருடம் போனால் இதைவிட நன்றாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் மதலேன் கேட்பாள். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்பார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று அவள் கேலி செய்வாள். மகன் பிறந்தான், வளர்ந்து மாதா கோயிலில் புதுநன்மை வாங்கினான், கல்யாணம் கட்டிக்கொண்டு லியோனுக்குப் போனான். பாட்டில் நிலவறையில் படுத்தே கிடந்தது.

முந்தாநாள் மதலேனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி ஊசி மருந்து வேண்டாம், பிடித்ததைக் கொடுங்கள் என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

என்ன வேண்டும் என்று கேட்டார்.

அந்த பாட்டில் என்றாள்.

நேற்று திறந்தார். தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே இருந்தது ஆறிப்போன டீத்தண்ணீர் நிறத்தில் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார்.

செத்துப்போயிருந்தது.

பத்து வருடம் முன்பு செத்ததோ, பதினைந்து வருடம் முன்போ.

தொட்டியில் கொட்டிவிட்டு அவளிடம் போனார். காற்றாட வைத்திருக்கிறேன், நாளைக்குத்தான் குடிக்க வேண்டும் என்றார்.

சரி என்றாள் அவள்.

பாவி, நாளைக்கு என்று எந்த வாயால் சொன்னாய் என்று தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

கடைக் கதவு திறந்தது. கூட்டம் பாய்ந்தது.

அடுக்கி வைத்த மரப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று விற்பனையாளன் மந்திரம்போல் ஒப்பித்துக்கொண்டிருந்தான். இதை இன்னும் பதினைந்து வருடத்துக்குத் திறப்பது பாவம் என்றான். சனங்கள் பெட்டி பெட்டியாக அள்ளினார்கள். எண்பதைத் தொட்ட ஒரு கிழவர், ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூன்று பெட்டி ஏற்றினார். கிழவரின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இவருக்கு இருந்தது.

உலுக்கவில்லை. தாண்டிப் போனார்.

கடைசி அலமாரி. கீழ்த்தட்டு. பேர் தெரியாத பாட்டில்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒன்றை எடுத்துத் திருப்பினார். பின்பக்கச் சீட்டில் ஒரே வரிதான். வாங்கியதும் குடிக்கலாம்.

இத்தனை வருடத்தில் அந்தத் தட்டுக்கு அவர் ஒரு நாளும் குனிந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும், கழுவிக் கவிழ்த்திருந்த பழைய பாட்டிலில் புனலை வைத்துப் புது ஒயினை ஊற்றினார். லேபிளில் வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தார். ஜன்னல் வழியாக மத்தியான வெயில் கட்டில்வரை வந்திருந்தது.

மதலேனைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார்.

பாட்டிலைக் காட்டினார். லேபிளில் இருந்த வருடத்தை அவள் விரலால் தடவினாள்.

கிளாஸைப் பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை. கரண்டியால் கொடுத்தார்.

ஒரு கரண்டி.

இன்னொரு கரண்டி.

மூன்றாவதுக்கு வாய் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். விழுங்குவதற்கே சிரமப்பட்டாள்.

"நல்லா இருக்குங்க," என்றாள். "போன கிறிஸ்துமசுக்குத் தொறந்திருந்தீங்கன்னா, ஒரு கிளாஸ் முழுசா குடிச்சிருப்பேன்."

அவர் கரண்டியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"நீங்களும் குடிங்க."

கிளாஸில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். கடவுளே, மட்டமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வாயில் வைத்தார்.

நன்றாகத்தான் இருந்தது.