முதல் நாள் குறிப்புகள்

எந்த ஊரில் இறங்கினாலும், அங்கே எதையெல்லாம் செய்யக்கூடாது என்று முதலில் கேட்டுக் குறித்துக்கொள்வார் அந்தப் பயண எழுத்தாளர். இங்கேயும், வீட்டுப் பெண் கொடுத்த புதுத் துண்டைத் தோளில் போட்டபடி நோட்டைத் திறந்தார்.

அவள் விறைப்பாகச் சொன்னாள். “என் ரூமுக்குள்ள கதவைத் தட்டாம வரக்கூடாது.”

“சரி.”

“சாப்பிடும்போது போன் பார்க்கக்கூடாது.”

“சரி.”

“சொல்லாம கொள்ளாம கிளம்பிப் போகக்கூடாது.”

அதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

“எத்தனை நாள் தங்குவீங்க?”

“வெளியூர் வேலை இனிமே வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். இங்கேயேதான்.”

அவள் அவரையே பார்த்தாள். சட்டென்று தோளிலிருந்த துண்டை உருவினாள்.

“இது விருந்தாளிங்களுக்கு வெச்சது, அப்பா. உங்க துண்டு எப்பவும்போல கொடியிலதான் கிடக்கு!”