கைபிடித்தல்

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய விளம்பர அலுவலகத்தின் ஜன்னலில் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஸ்மைலின் ஆறிப்போன சாயாவில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்குகிறாள். ஒரு முதியோர் இல்லத்துக்காக அவள் எழுதிய செய்தி, காலையில்தான் வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப்புக்குப் போயிருக்கிறது. 'அம்மாவை நினைத்து உறங்காத இரவுகள் போதும். இது கைவிடுதல் அல்ல, கைபிடித்தல்.' இந்த வரிக்கு மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். இப்போது மஸ்கட்டிலிருந்து அண்ணன் பெனிஷ் கூப்பிடுகிறான். "ஏட்டி, நான் அனுப்புன மெசேஜப் பாத்தியா? எவனோ நம்ம மனசுக்குள்ள இருந்து எழுதியிருக்கான். வீட்டுல தனியா கெடக்க அம்மைய அங்க விட்டிருவோம்." கீழே பஸ்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கின்றன. அவள் போனைக் காதோடு அழுத்துகிறாள். "அதெல்லாம் ஆளுப் பிடிக்க எழுதுனது அண்ணே. அம்மை வீட்ட விட்டு வரமாட்டா."

"வருவா. போன்ல வாசிச்சுக் காட்டுனேன். பெறவு, 'என்னை நெனச்சு நீங்க உறங்காம கெடக்கியளா மக்கா? அப்பம் நான் போறேன்'னு சொல்லிட்டா."

ஸ்மைலின் போனைக் காதில் வைத்தபடியே, காலையில் அனுப்பிய தன் வரியைத் திரையில் மறுபடி வாசிக்கிறாள்.