கருப்பட்டித் துண்டு

மழை ஓய்ந்திருக்கிறது. ஈரவிறகுப் புகை தேயிலைத் தோட்டத்து லயவீட்டு வாசலைத் தாண்டமாட்டாமல் அங்கேயே நிற்கிறது. காய்ச்சலில் புருசன் செத்தபோது மாமன் மாமி மேல் பழியைப் போட்டுவிட்டு ஹாலிஎலைப் பக்கம் போன வெள்ளையம்மா, மூன்று வருசம் கழித்து இன்று மகளோடு மலையேறி வந்திருக்கிறாள். மாமிக்கு முடியவில்லை என்று ஆள் வந்து சொன்னதால் வந்தவள், உள்ளே போனதும் உட்காராமல் சுவரோரம் நிற்கிறாள். சாக்கில் கிடக்கும் கிழவிக்குப் பேத்தியை விட்டுக் கண் அகலவில்லை. கிழவர் சடையன் தகரப் பேணியைத் துழாவி, ஒரு துண்டுக் கருப்பட்டியை எடுத்து நீட்டுகிறார். "இந்தா தாயி." சிறுமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள். "வாங்கிக்க, தாத்தாதானே," என்கிறாள் வெள்ளையம்மா. "நீதானேம்மா சொன்ன, இவங்க திங்கிறதுல மருந்து வச்சுக் குடுப்பாங்கன்னு." கூரைத் தகரத்திலிருந்து நீர் சொட்டுகிறது. கிழவி மெல்ல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். வெள்ளையம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். சடையன் யாரையும் பார்க்காமல் கருப்பட்டியின் ஓரத்தை உடைத்துத் தன் பல்லில்லாத வாயில் போட்டுக்கொள்கிறார். அது கரையும்வரை சப்பி, குழந்தை பார்க்க விழுங்கிவிட்டு, மிச்சத்தை மறுபடியும் நீட்டுகிறார்.