இருபத்தெட்டாவது அங்குலம்

நண்பன் வெண்டலின் கார் ஷெட்டில் யாரும் மூச்சு விடவில்லை. எவ்வளவு வளையும் என்று சோதிக்க, சுவரில் அடித்த கட்டையின் மேல் என் வில் படுத்திருக்கிறது; அதன் நாணை இழுக்கும் கயிறு, தரையிலுள்ள கப்பி வழியாக வந்து என் கையில். ஓசேஜ் என்ற மரத்தில் இது நான் செதுக்கிய ஐந்தாவது வில். முந்தைய நான்கும் பாதி வளைவதற்குள் வெடித்து, மிசௌரிக் குளிருக்கு வெண்டலின் அடுப்பில் எரிந்தன. அதனால் நான் கயிற்றைத் தொட்டதுமே நண்பர்கள் கதவோரம் ஒதுங்கிவிட்டார்கள். "விறகு ரெடியாடா?" என்று கேட்ட லாயிட், தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டான். இதுவும் உடைந்தால் இனி உளியைத் தொடமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் வீறாப்பாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது நாண், சுவரில் கீறிய கடைசிக் கோட்டில், அம்பு விடத் தேவையான முழு இழுப்பான இருபத்தெட்டு அங்குலத்தில் நிற்கிறது. வில்லின் இரு பக்கமும் ஒரே அளவாக வளைந்து, ஜன்னல் வெயிலில் மஞ்சளாக மின்னுகின்றன. ஒரு விரிசல் சத்தம்கூட இல்லை. லாயிடின் தொப்பி மெல்ல இறங்குகிறது; வாய் திறந்தபடியே இருக்கிறது. "டேய், இப்படியே பிடிச்சிட்டு நின்னா உடைஞ்சிரும். மெதுவா இறக்குடா," என்று கிசுகிசுக்கிறான் வெண்டல். "எப்படிடா இறக்குறது? இவ்வளவு தூரம் எதுவும் வந்ததே இல்லையே!" என்கிறேன் நான். லாயிட் பூனைபோல நடந்து வந்து என் கைமேல் கை வைக்கிறான். கேலி செய்யத்தான் வருகிறான் என்று பார்த்தால், என்னோடு சேர்ந்து கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தளர்த்துகிறான்.