தலைக்கு எண்பத்தைந்து

இருவரை இறக்க வேண்டும்.

விமானக் கேப்டனின் குரல் ஹெட்போனில் வந்தது. வெயில் ஏறிவிட்டது, பதினான்கு டிகிரி. இந்த உயரத்துக் காற்றில் இவ்வளவு எடையோடு எழும்ப முடியாது. நூற்று அறுபது கிலோ குறைய வேண்டும். பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது.

இரண்டு என்ஜின்களும் ஓடிக்கொண்டிருந்தன. இந்தப் பனிமலைத் தளத்தில் அவற்றை அணைப்பதில்லை. அணைத்தால் திரும்பக் கிளம்புமா என்பது நிச்சயமில்லை.

ஏற்றும் எடைக்கு அவன்தான் பொறுப்பு. படிவத்தைப் பார்த்தான். விடுப்பில் போகும் வீரர்கள் இருபது பேர். மூட்டைகள் தனி. ஆளுக்கு எண்பத்தைந்து கிலோ, மொத்தம் ஆயிரத்து எழுநூறு.

இங்கே முதலில் வந்த டகோட்டா விமானம் போய்விட்டது. முதுகில் ஜெட் என்ஜின் வைத்துப் பறந்த பாக்கெட் விமானமும் போய்விட்டது. பிறகு வந்த இந்த விமானத்துக்கே நாற்பது வயது ஆகிறது. தலைக்கு எண்பத்தைந்து என்பது மட்டும் படிவத்துக்குப் படிவம் மாறாமல் ஏறி வந்துகொண்டிருந்தது.

பட்டியலின் கடைசிப் பெயர்களை இறக்குவது வழக்கம்.

கடைசிப் பெயர் லான்ஸ் நாயக் சுடலைமணி. மேலே காவல் முகாமிலிருந்து காலையில்தான் இறங்கி வந்தவன். விமானத்தின் பின்கதவுச் சரிவில் நின்றிருந்தான். சேதி புரிந்துவிட்டது. காதருகே வந்து கத்தினான்.

"அண்ணே, நெஞ்சுல பேரப் பாத்தேன். நீங்க தமிழ்தான?"

"ஆமாப்பா. எந்த ஊரு?"

"ஓட்டப்பிடாரம் பக்கம். எங்கம்மா தவறிட்டாண்ணே. மூணு நாளா ஐஸ் பெட்டில வச்சிருக்காவ. நான் கடைக்குட்டி, நாந்தான் கொள்ளி வைக்கணும். நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல வச்சிருக்க மாட்டாவ."

அடுத்த விமானம் நான்கு நாள் கழித்து. அதுவும் வானம் திறந்தால்.

வேறொருவரை இறக்கலாம். அவரிடமும் ஒரு காரணம் இருக்கும். அவன் கேட்கவில்லை.

இறங்கச் சொல்லத் தோளில் கை வைத்தான்.

மூன்று சட்டை, மேலே கனத்த ஜாக்கெட். தோள் எங்கே என்று கை தேடியது.

கையை எடுத்தான்.

மூட்டைகளை நிறுக்கும் தராசைத் தள்ளிவரச் சொன்னான்.

"எல்லாரும் எறங்குங்க. ஒவ்வொருத்தரா இதுல ஏறுங்க. சீக்கிரம்."

எழுபத்தேழு. எழுபத்து நான்கு. எண்பது. எழுபத்தொன்று.

ஆறடி ஹவில்தார் ஒருவர், எழுபத்தெட்டு. குனிந்து முள்ளைப் பார்த்தார். சர்க்கார் தராசு, பாதியைத் தின்றுவிட்டுத்தான் சொல்லும் என்றார் இந்தியில். வரிசை சிரித்தது.

சுடலைமணி, அறுபத்தெட்டு.

"மேல எத்தன நாளு?"

"மூணு மாசம்ணே. அங்க சோறு எறங்காது."

அவன் கூட்டினான். மறுபடி கூட்டினான். ஆயிரத்து ஐநூற்று இருபத்து நான்கு.

நூற்று எழுபத்தாறு கிலோ குறைந்திருந்தது. யாரும் இறங்க வேண்டியதில்லை.

கேப்டன் படிவத்தை வாங்கினார். உடனே பேனாவை எடுக்கவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டா நிறுத்தாய் என்று கேட்டார்.

இல்லை என்றான். பூட்ஸ், ஜாக்கெட், எல்லாவற்றோடும்.

கேப்டன் கையெழுத்துப் போட்டார்.

சுடலைமணி கடைசியாக ஏறினான். உட்கார்ந்ததும் பெல்ட்டை இழுத்தான். இன்னும் இழுத்தான்.

பின்கதவு மெல்ல மூடத் தொடங்கியது. இடைவெளியில் ஓடுபாதையின் ஓரம் தெரிந்தது. இதே விமானத்தில் சற்று முன் வந்திறங்கிய இருபது பேர், மேலே போகும் லாரிக்காக நின்றிருந்தார்கள். புது ஜாக்கெட்டுகளின் பொத்தான்கள் இழுத்துப் பிடித்திருந்தன.

அவர்களுக்கு எண்பத்தைந்து சரியாக இருந்தது.