காட்டும், நீக்கும்

குழாயில் தண்ணீர் நின்று மூன்று நாளாகிவிட்டது. வீட்டில் கைக்குழந்தை. பிலோமினா காலிக் குடத்தோடு நேரே அலுவலகத்துக்கு வந்து, மேலாளர் சண்முகவேலின் மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.

நகரின் குடிநீர் இணைப்புப் பட்டியலைச் சோதிக்கும் கணினிக் கருவிக்கு உதவிக்குறிப்பு எழுதுவது அவள் வேலை. குறிப்பில் எழுதியிருப்பதைத்தான் கருவி செய்யும். ‘சோதி’ என்ற கட்டளைக்கு நேரே, ‘பிழையுள்ள தெருவைக் காட்டும்’ என்பதற்குப் பதில் ‘நீக்கும்’ என்று எவனோ எழுதி வைத்திருந்தான்.

“போன மாசமே திருத்தம் அனுப்பினேன்ல சார்?”

“ஒரு வார்த்தைதானேம்மா, மெதுவா பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

“அந்த ஒரு வார்த்தைதான் சார் எங்க தெருவையே முழுங்கிருச்சு! பட்டியல்ல தெருப் பேரத் தப்பா ஏத்துனது நாங்களா?”

அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கணினியிலேயே ‘நீக்கும்’ என்பதை அழித்துக் ‘காட்டும்’ என்று அடித்தாள். திரையில் உடனே பதில் வந்தது.

‘திருத்தம் ஏற்கப்படவில்லை. ஊழியர் இந்நகரவாசியாக இருக்க வேண்டும். தங்கள் தெரு இந்நகரில் இல்லை.’

சண்முகவேல் எட்டிப் பார்த்துத் தாடையைச் சொறிந்தார்.

“அப்ப ரூல்படி நீ இங்க வேலையே பாக்க முடியாதேம்மா.”

பிலோமினா குடத்தை இரண்டு கையாலும் ஓங்கினாள்.