இணைகோடு

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் இனியாவுக்கு, சுகந்தி நோட்டில் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினாள்.

"எவ்வளவு தூரம் போனாலும் இது ரெண்டும் சேரவே சேராதுடா தங்கம். இதுதான் இணைகோடு."

"சேராதுன்னா, அப்புறம் ஏம்மா இணைன்னு பேரு வச்சாங்க?"

சுகந்தி பென்சிலை நோட்டின் மேல் வைத்தாள். எதிர் பெஞ்சில் கணவன் தன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரியப்போவதைக் குழந்தையிடம் நீ சொல், நீ சொல் என்று தள்ளிப்போட்டே இன்றைக்கு வந்து நின்றுவிட்டது.

ஊழியர் எட்டிப் பார்த்து இருவர் பெயரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போடுங்க."

இனியா சட்டென்று நிமிர்ந்தாள். ரப்பரை எடுத்துக் கீழ்க்கோட்டின் நுனியை அழித்தாள். மேல்கோட்டைத் தொடும்படி அதை வளைக்கத் தொடங்கினாள்.

"ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அதுக்குள்ள நான் சரி பண்ணிடுறேன்."